வேற்றுத் தளத்துப் பறப்பு

ஆகாய விமானத்தில் ஏறி அமரும் நம்மில் எவரும், அதை ஓட்டிச் செல்பவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று கேட்பதில்லை. ஆனால் விமான நிறுவனத்தின் ஏட்டில் ஒவ்வொரு விமானியின் பெயருக்கு எதிரிலும் ஓர் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அவருடைய வேலை அவ்வூரில் தொடங்கி, எத்தனை ஊர் சுற்றினாலும், அவ்வூரிலேயே முடிய வேண்டும் என்பது பொது விதி. அதனை அவருடைய சொந்தத் தளம் என்பர். பெயர்தான் சொந்தமே தவிர, அது அவர் பிறந்த ஊராகவோ, மனைவி மக்களுடன் குடியிருக்கும் ஊராகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. நிறுவனம் குறித்துக் கொடுக்கும் ஊர், அவ்வளவே. இத்தளத்தை விட்டு, வேறொரு தளத்திற்கு உரிய பயணத்தை ஒரு விமானி தாமே கேட்டு எடுத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. அது எவ்வாறு தோன்றியது, எவற்றைக் கடந்து வந்தது என்பதை இங்கே சொல்ல முயல்கிறோம். வேற்றூரில் வேலை பார்ப்பது இன்னது என்று நம் நேயர்களுக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்கத் தபால் இலாகா 1918 மே 15 அன்று வாஷிங்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே விமானத் தபாலைத் தொடங்கியது. முதலில் இராணுவ விமானிகள் ஓட்டினர். அவ்வாண்டு ஆகஸ்டில் இலாகா தன் சொந்த விமானிகளை அமர்த்திக்கொண்டது. அன்றைய விமானத்தில் மேற்கூரை இல்லை. வழி காட்டுவதற்குத் திசைகாட்டி ஒன்று இருந்தது. அதையும் முழுவதும் நம்ப இயலாது. ஆற்றின் வளைவையும், இரயில் பாதையையும், மாதா கோயில் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டே விமானி பறந்தார். எந்த மலையிடுக்கில் காலையில் மூடுபனி தங்கும், இயந்திரம் நின்றுவிட்டால் எந்தக் குடியானவரின் வயலில் இறங்கலாம் என்பவை எல்லாம் அவருடைய மனப்பாடம். ஆகவே அக்காலத்தில் தளம் என்பது வெறும் அலுவலக ஏற்பாடன்று. தன் வழியை அறிந்திருப்பதே விமானியின் உயிர்க்காப்பாக இருந்தது. ஒருவருடைய வழியில் இன்னொருவரை அனுப்புவது, நீந்தத் தெரிந்தவரேயானாலும் அறியாத ஆற்றில் இரவில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும்.

பிறர் மறுத்த பயணத்தை ஏற்கும் கடமை ஒருவருக்கு உண்டா என்ற கேள்வி அடுத்த ஆண்டே எழுந்துவிட்டது. 1919 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த பெல்மான்ட் பார்க் தளத்தில் கடும் மூடுபனி. லியோன் ஸ்மித் என்ற விமானி புறப்பட மறுத்தார். அவருக்குப் பதிலாக ஹாமில்டன் லீ என்பவரைப் போகச் சொன்னார்கள்; அவரும் மறுத்தார். வாஷிங்டனில் இருந்துகொண்டு விமானத் தபாலை நடத்திவந்த ஆட்டோ பிரேகர் இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார். மற்ற விமானிகள் வேலை நிறுத்தம் செய்தனர். விமானிகளின் வரலாற்றில் முதல் வேலை நிறுத்தம் என்று சொல்லத்தக்கது இதுவே. சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது. வானிலையைப் பற்றிய முடிவு தொலைவிலுள்ள தலைமை அலுவலகத்தின் கையில் இல்லாமல், தளத்தில் நின்று வானத்தைக் கண்ணால் காண்பவரிடம் வந்தது. லீ வேலைக்குத் திரும்பினார், ஸ்மித் திரும்பவில்லை. முதலில் மறுத்தவருக்கு வேலை போயிற்று என்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி 1921 பிப்ரவரி 22-ஆம் நாள் இரவுக்கு வருவோம். அதுவரை தபால் பகலில் விமானத்திலும் இரவில் இரயிலிலும் சென்றுகொண்டிருந்தது. இரவிலும் பறந்தால்தான் இரயிலைவிடத் தெளிவான இலாபம் கிடைக்கும். அதைக் காட்டாவிட்டால் சட்டமன்றம் பணம் தராது என்ற நிலை. ஆகவே நியூயார்க்கிலிருந்து இரண்டும், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டுமாக நான்கு விமானங்கள் புறப்பட்டன. கிழக்கிலிருந்து வந்தவற்றில் ஒன்று பென்சில்வேனியாவில் இறங்க நேர்ந்தது. மற்றொன்றின் தபால் கெட்ட வானிலையால் சிகாகோவோடு நின்றுபோயிற்று. மேற்கிலிருந்து கிளம்பியவற்றில் ஒன்று நெவாடாவில் எல்கோ என்ற ஊரில் விழுந்து, அதன் விமானி இறந்தார். எஞ்சிய ஒன்றின் மூட்டைகள் மட்டும் கைமாறிக் கைமாறி, அஞ்சல் ஓட்டம்போல் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தன.

இரவு பத்தே முக்கால் மணியளவில் அம்மூட்டைகளை நார்த் பிளாட் என்ற ஊரில் பெற்றுக்கொண்டவர் ஜாக் நைட். அங்கிருந்து ஓமாஹா வரையுள்ள வழி அவருக்குப் பழகியது. வழியோர ஊர்களில் மக்கள் சொக்கப்பனைபோல் நெருப்பு மூட்டி அவருக்கு இடம் காட்டினர். நள்ளிரவு தாண்டி ஒரு மணி பத்து நிமிடத்திற்கு ஓமாஹாவில் இறங்கினார். அவருடைய வேலை அதோடு முடிந்தது. ஆனால் மூட்டையை வாங்கிக்கொண்டு சிகாகோவிற்குப் பறக்க வேண்டியவர் அங்கே இல்லை. வானிலை அவரைச் சிகாகோவிலேயே நிறுத்திவிட்டது.

அந்த நேரத்தில் நைட் படுக்கைக்குப் போயிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தாமே போவதாகக் கூறினார். ஏறத்தாழ 430 மைல். பகலில்கூட ஒருமுறையும் பறந்தறியாத வழி. சாலைகளைக் காட்டும் படமொன்றைப் பார்த்து வழியைக் குறித்துக்கொண்டு புறப்பட்டார். டெமாய்ன் நகரில் பனி கிடந்ததால் இறங்க முடியவில்லை. அயோவா சிட்டியில், விமானம் வராது என்று எண்ணித் தளத்து ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தனர். இரவுக் காவல்காரர் ஒருவர் மட்டும் இயந்திர ஒலியைக் கேட்டு வெளிச்சம் காட்ட, நைட் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டார். காலை எட்டு மணி நாற்பது நிமிடத்திற்குச் சிகாகோ வந்து சேர்ந்தார். தபால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 33 மணி 20 நிமிடத்தில் நியூயார்க்கை அடைந்தது. சட்டமன்றம் பணம் ஒதுக்கியது. மாற்றாள் வராத காரணத்தால் ஒருவர் வேறொருவரின் பயணத்தை எடுத்துச் சென்றதே அமெரிக்காவின் இரவு விமானப் போக்குவரத்தைக் காப்பாற்றிற்று என்று சொன்னால் மிகையாகாது.

இந்த அஞ்சல் ஓட்ட முறை நம் நாட்டிற்கும் புதிதன்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலைப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். 1949-இல் தொடங்கிய இரவு விமானத் தபாலில் பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு பிரிந்தன. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த நம்மவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் பலவும் அந்த நாக்பூர் நள்ளிரவைக் கண்டவையே.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். நைட்டின் துணிவை எவரும் நாள்தோறும் எதிர்பார்க்க முடியாது. வழி தெரியாதவரும் வழி தவறாதிருக்க ஏற்பாடு வேண்டும். சிகாகோவிலிருந்து செயென் வரை சுழலும் விளக்குகள் நிறுவப்பட்டு, 1924 ஜூலை முதல் தேதியிலிருந்து இரவுப் பறப்பு நாள்தவறாமல் நடந்தது. 1920-களின் இறுதியில் வானொலி வழிகாட்டி வந்தது. விமானி காதில் கேட்பொறியைப் பொருத்திக்கொள்வார். வழியின் ஒரு பக்கம் விலகினால் தந்திக் குறியில் ஓர் எழுத்தும், மறுபக்கம் விலகினால் வேறோர் எழுத்தும் கேட்கும். நேர்வழியில் இரண்டும் கலந்து இடையறாத ரீங்காரமாகும். கண் கண்ட வழி காது கேட்ட வழியாயிற்று. வானொலியில் பேசும் நாம் இதைச் சற்றுப் பெருமிதத்துடனேயே குறிப்பிடுகிறோம்.

இக்கருவிப் பயிற்சி இல்லாமல் பிறர் வழியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 1934 காட்டியது. தபால் ஒப்பந்தங்களில் முறைகேடு நடந்ததென்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவற்றை பிப்ரவரியில் ரத்துச் செய்து, தபாலை இராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் கோழைகள் அல்லர். ஆனால் வழிகள் புதியவை, இரவிலும் கருவியைப் பார்த்தும் பறக்கும் பழக்கம் போதாது, விமானங்களில் வேண்டிய கருவிகளும் இல்லை, குளிரோ கொடியது. சில வாரங்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். தபால் மீண்டும் தனியார் நிறுவனங்களுக்கே சென்றது.

அதே ஆண்டு மே 10 அன்று வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. டேவிட் பெங்கி என்ற விமானியின் முயற்சியால் 1931-இல் விமானிகள் சங்கம் தோன்றியிருந்தது. சம்பளக் குறைப்பை எதிர்த்து அது நடத்திய வழக்கில், தேசியத் தொழிலாளர் வாரியம் தன் 83-ஆம் தீர்ப்பை வழங்கி, விமானி மாதத்தில் 85 மணி நேரத்திற்கு மேல் பறக்கலாகாது என்று வரம்பு கட்டியது. 1936-இல் இரயில்வேத் தொழிலாளர் சட்டம் விமானத் தொழிலுக்கும் விரிக்கப்பட்டது. சட்டத்தோடு இரயில்வேயின் பழக்கங்களும் வந்தன. அவற்றுள் தலையாயது பணிமூப்பு வரிசை. வேலையில் சேர்ந்த நாளே ஒருவருடைய எண். எந்தத் தளம், எந்த விமானம், எந்த இருக்கை, எந்த மாதத்தில் எந்தப் பயணங்கள் என்பதை அவ்வெண்ணின் வரிசைப்படி விமானிகள் கேட்டுப் பெறுவர். மேலதிகாரியின் தயவுக்கு அதில் இடம் இல்லை. இரயில்வேயில் வேலை பார்க்கும் நேயர்கள் இதைக் கேட்டதும் புன்முறுவல் கொள்ளக்கூடும்.

இவ்வரிசையின் மறுபக்கம் கடுமையானது. இளையவருக்கு எஞ்சிய தளமே கிடைக்கும். வீடு ஒரு கோடியிலும் தளம் மறு கோடியிலுமாக வாழ்பவர் அங்கே ஏராளம். அவ்வாறானவர் தம் தளத்தில் கிடைக்காத நல்ல பயணம் ஒன்று வேறு தளத்தில் ஆளில்லாமல் கிடப்பதைக் காண்கிறார்; சில வேளை அது அவர் குடியிருக்கும் ஊரிலிருந்தே புறப்படுவதாகவும் இருக்கும். ஒருவர் நோயுற்றாலோ, விடுப்பில் சென்றாலோ, புதிதாக விமானம் ஒன்று சேர்க்கப்பட்டாலோ இப்படிப்பட்ட பயணங்கள் உண்டாகின்றன. அதை அவர் எடுத்துக்கொள்ளலாமா என்பதை ஒவ்வொரு நிறுவனத்திலும் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அனுமதிக்கும் இடங்களில் வழக்கம் பெரும்பாலும் இவ்வாறிருக்கும். அவர் அதே வகை விமானத்தில், அதே இருக்கையில் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். பறப்பு நேர வரம்பும் ஓய்வு நேரமும் மீறப்படலாகாது. தாமே விரும்பி எடுத்ததால், அத்தளத்திற்குச் செல்வதும் அங்கே இரவு தங்குவதும் அவர் சொந்தப் பாடு. நிறுவனமே ஆளில்லாமல் அவரை அனுப்பினால் மட்டும் பயணமும் தங்குமிடமும் நிறுவனத்தின் செலவு.

இங்கேதான் வழக்கு எழுகிறது. அந்தத் தளத்து விமானிகள் கேட்கிறார்கள்: எங்கள் தளத்துப் பயணத்தை வெளித்தளத்தார் வந்து கொண்டுபோவதா? மாதக் கடைசியில் கூடுதல் வருவாய்க்கு நாங்கள் நம்பியிருந்ததல்லவா அது? இக்கேள்வியை வேறு ஊர்களில், வேறு மொழிகளில், வேறு வேலைகளைக் குறித்து நம் நேயர்கள் கேட்டிருக்கக்கூடும். வந்தவர் பக்கமும் நியாயம் உண்டு: ஒரே நிறுவனம், ஒரே பணிமூப்புப் பட்டியல், ஒரே தேர்வு, தளத்தின் பெயர் ஒன்றுதானே வேறு? பல ஒப்பந்தங்கள் கண்ட தீர்வு எளியது. உள்தளத்தாருக்கு முதலில் கேட்கும் உரிமை. குறித்த நேரம் வரை அவர்கள் எவரும் எடுக்காவிட்டால் வெளித்தளத்தாருக்குத் திறந்துவிடுவது. இருந்தவரின் உரிமையையும் மறுக்காமல், வந்தவரையும் வாயிற்படியில் நிறுத்திவிடாமல் செய்த ஏற்பாடு இது. கூச்சலிட்டு முடிவு செய்யாமல் எழுத்தில் எழுதி முடிவு செய்தார்கள் என்பதே இதில் நமக்குப் பிடித்தது.

ஆயினும் எழுத்திலுள்ள விதி எதுவும் விமானியின் உறக்கத்தை எண்ணவில்லை. வீட்டிலிருந்து தளத்திற்கு வரும் பயணம் அவருடைய சொந்தப் பொழுதாகவே கருதப்பட்டது. 2009 பிப்ரவரி 12 அன்று இரவு, நியூவார்க்கிலிருந்து சென்ற கோல்கன் நிறுவனத்து விமானம் ஒன்று பஃபலோ நகரத்தருகே ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், அவ்வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தனர். இரு விமானிகளின் சொந்தத் தளம் நியூவார்க். தலைமை விமானி குடியிருந்தது தென்கோடியில் ஃபுளோரிடாவில், துணை விமானி குடியிருந்தது மேற்குக் கடற்கரையில் சியாட்டில் அருகே. துணை விமானி முன்னிரவு முழுவதும் சரக்கு விமானத்தில் அமர்ந்து நாட்டின் குறுக்கே வந்திருந்தார். தலைமை விமானி தளத்தின் ஓய்வறையில் இரவைக் கழித்திருந்தார். வேகம் குறைந்தபோது எழுந்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே காரணம் என்று விசாரணை கண்டது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும் என்றும், அது எவ்வளவுக்கு விபத்திற்கு வழிசெய்தது என்பதை அளந்து கூற இயலாது என்றும் அவ்வறிக்கை கூறியது.

இதன் விளைவாக 2010-இல் அமெரிக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்ற, புதிய ஓய்வு விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. வேலைக்கு முன் பத்து மணி நேர ஓய்வும், அதில் இடையறாது உறங்க எட்டு மணி நேர வாய்ப்பும் கட்டாயமாயின. வீடு தொலைவில் இருக்கலாகாது என்று அவ்விதிகள் சொல்லவில்லை. வேற்றுத் தளத்துப் பயணத்தை எடுக்கலாகாது என்றும் சொல்லவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தவராயினும், ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் தாம் வேலைக்குத் தக்க நிலையில் இருப்பதாக விமானி தாமே உறுதி கூற வேண்டும் என்று விதித்தன.