நவுகாவ் கஞ்சாச் சாகுபடி

நவுகாவ் கஞ்சாச் சாகுபடி என்பது பிரித்தானிய ஆட்சிக்கால வங்காளத்தில், ராஜசாகி மாவட்டத்தின் நவுகாவ் பகுதியில் அரசு உரிமம் பெற்று நடந்த பயிர்த்தொழில் ஆகும். இப்பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. 1893ல் பிரித்தானிய இந்திய அரசு அமைத்த கஞ்சா விசாரணை ஆணையம் இத்தொழிலையும் ஆராய்ந்தது.

நிழல் படாத மேட்டுநிலம் பலமுறை உழப்பட்டது. மாட்டுச்சாணமும் பிண்ணாக்கும் உரமாயின. மழை ஓய்ந்தபின் நீர் பாய்ச்சப்பட்டது. ஆனால், ஆண்செடிகள் சில தப்பி நின்றாலே இவ்வுழைப்பு வீணாகும்; காற்றில் வரும் மகரந்தத்தால் பெண்பூக்கள் விதை பிடித்துச் சரக்கின் தரம் கெடும். எனவே 'போத்தார்' எனப்பட்ட வல்லுநர்கள் வயல்தோறும் சென்று ஆண்செடிகளைக் களைந்தனர்.

விளைச்சல் அரசுக் கண்காணிப்பில் இருந்த கிடங்குகளுக்குச் சென்றது. அரசு அதன்மீது தீர்வை பெற்றது. இடைத்தரகர்களிடமிருந்து விடுபட, 1917ல் உழவர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1980களில் சாகுபடி முடிவுக்கு வந்தது.