தூண்டில் காசு

மாம்புரிக் கடற்கரையில் நின்றால் காற்றாலைகள் சுழல்வது தெரியும். சற்றுத் தொலைவில் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. அந்த மணலில் அமர்ந்துதான் என் மருமகன் கேட்டான்: "மாமா, மிச்சம் பிடிச்ச காசை ரூபாயிலயே வெச்சிருக்கவா, பிட்கொயின் வாங்கவா?"

கத்தாரில் ஆறு வருடம் உழைத்தவன். ஊருக்கு அனுப்பிய பணம் ரூபாயாகக் கிடந்தது. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, அவனது வியர்வை ஏறத்தாழ அரைவாசியாகக் கரைந்தது. அவனிடம் சட்டென்று 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, நேயர்களே.

அரசனில்லாத நாணயம் நமக்குப் புதிதல்ல. 1660 இல் கண்டியரசனிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளின் பின் அரிப்புக்குத் தப்பிவந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் ஒரு வெள்ளிக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். தூண்டில் முள்ளைப் போல வளைந்த கம்பி அது. பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரின் எனப்பட்ட காசின் வழிவந்தது. இரண்டாம் இராஜசிங்கன் அதை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ள அனுமதித்திருந்தான். முத்திரையும் அவரவர் விருப்பம். சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவார்கள். தூய வெண்மையாக வந்தால் செல்லும், இல்லையேல் செல்லாது. ஆனால் அரசன் தன் பெயரால் அடித்த சின்னஞ்சிறு காசை எவனாவது கள்ளமாய் அடித்தால் தலை போகும்!

2009 இல் பிறந்த பிட்கொயினும் இப்படித்தான். அச்சடிக்க அரசனில்லை, மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் பெருகவும் மாட்டாது. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கேட்டைச் சரிபார்க்கின்றன. ஆயினும் அந்த நெருப்பு வெள்ளியின் தரத்தைச் சொன்னது. இந்த ஏடு ஒரு காசு இருமுறை செலவாகவில்லை என்பதை மட்டுமே சொல்லும். நாளை அதற்கு எத்தனை மூடை அரிசி கிடைக்கும் என்று சொல்லாது.

அரசின் முத்திரைக்கு மட்டும் என்ன உறுதி? ஒல்லாந்தர் விட்டுச்சென்ற இறைசால் ஆங்கிலேயர் கையில் தேய்ந்து தேய்ந்து, 1825 இல் ஒன்றரைச் சிலிங்காக மதிப்பிடப்பட்டு ஓய்ந்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, அதன் தாள்களுக்கு ஆளுநர் ஆதர் கோர்டன் அரசின் பிணை கொடுத்திராவிட்டால் நாட்டு வணிகமே நின்றிருக்கும். 1950 இல் மத்திய வங்கி பிறந்தபோது ஒரு டொலர் 4 ரூபா 76 சதம். அந்த டொலருக்கும் தங்கத்துக்குமிருந்த முடிச்சை 1971 ஆகஸ்டில் நிக்சன் அறுத்தார். 1999 இல் உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஏறக்குறைய 71 விழுக்காடாக இருந்த டொலர், 2024 முடிவில் 58 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அந்த இடத்தை மெய்யெண் காசுகளா நிரப்பின? இல்லை. பல நாட்டு நாணயங்கள் சிறிது சிறிதாக நிரப்பின. மத்திய வங்கிகளோ 2022 முதல் மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 1000 தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2021 இல் பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கிய எல் சல்வடோர், அதைக் கட்டாயம் ஏற்கவேண்டும் என்ற விதியை 2025 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவே பிட்கொயின் கையிருப்பு ஒன்றை அமைக்க ஆணையிட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் மருமகனுக்கு அந்தப் புகைபோக்கியைக் காட்டினேன். சீனக் கடனில் எழுந்தது. 2011 இல் இயங்கத் தொடங்கியது. எரிவது கப்பலில் வரும் நிலக்கரி. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தபோது நம்மிடம் ரூபாய்க்குப் பஞ்சமில்லை, அச்சடித்துக் குவித்திருந்தோம். கப்பல்காரன் கேட்டது டொலர். மண்ணெண்ணெய் வராமல் நம் படகுகள் கரையில் கிடந்ததும் அதனால்தான்.

"அப்ப கப்பல்காரன் நாளைக்கு பிட்கொயின் கேட்டா?" என்றான்.

"கேட்கிற நாள் வந்தா நானும் வாங்குறன்."

அவன் சிரிக்கவில்லை. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனான். பாதியை வங்கியில் போட்டு, பாதிக்கு அவன் உம்மாவுக்கு வளையல் எடுத்தானென்று பிறகு என் தங்கை சொன்னாள். அவள் அதைக் கையில் போடுவதில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள்.