மனந்திரும்புதல் நாளும் முதியோர் பராமரிப்பும்: ஜெர்மனியின் வரலாறு தரும் படிப்பினை

முதுமையால் படுக்கையில் விழுந்தோரைச் சந்திக்கச் செல்லும் போதகர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு வினா நிற்கிறது. இவர்களைத் தாங்கும் கடமை குடும்பத்தினுடையதா, திருச்சபையினுடையதா, அரசினுடையதா? இவ்வினாவிற்கு ஜெர்மனி 1995ஆம் ஆண்டில் கண்ட விடை, திருச்சபையின் திருநாள் ஒன்றை விலையாகக் கேட்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. பின்னணி

1836இல் போதகர் தியோடோர் ஃபிளீட்னர் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் டீக்கனஸ் இல்லத்தை நிறுவினார். அங்கும், அதனைப் பின்பற்றி எழுந்த பிற இல்லங்களிலும் பயிற்சி பெற்ற சகோதரிகள் ஊதியம் நாடாது நோயாளரையும் முதியோரையும் பேணினர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவர்தம் எண்ணிக்கை குறைந்தது. ஊதியம் பெறும் பணியாளர் அவர்கள் பணியை ஏற்றனர். இம்மாற்றம் நியாயமானதே. ஆயினும் பராமரிப்புச் செலவு பெருகிற்று.

பிஸ்மார்க் காலத்தில், 1883இல் நோய்க் காப்பீடும் 1889இல் முதுமை ஓய்வூதியமும் சட்டமாயின. ஆனால் நோய் தீராது, உண்ணவும் குளிக்கவும் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் முதியோரின் நெடுநாள் பராமரிப்பு இவ்விரண்டிலும் அடங்கவில்லை. பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தவர் தம் சேமிப்பு தீர்ந்தபின், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வறியோர்க்குரிய சமூக உதவிநிதியை நாடவேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் இறுதிக் காலத்தில் இரவலராயினர். அவர்தம் பிள்ளைகளிடமும் பணம் கோரப்பட்டது. நகராட்சிகளும் இச்சுமையால் தளர்ந்தன. 1974இல் வெளிவந்த வல்லுநர் அறிக்கை ஒன்று இந்நிலையை நாட்டின் கவனத்திற்குக் கொணர்ந்தது. அதன்பின் 20 ஆண்டுகள் விவாதத்தில் கழிந்தன.

2. சட்டமும் அதன் விலையும்

1994இல், தொழிலாளர் துறை அமைச்சர் நார்பர்ட் புளூம் அவர்களின் முயற்சியால் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1995 ஜனவரி முதல் ஊதியத்தில் 100க்கு 1 பங்கு சந்தாவாகப் பெறப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வீட்டுப் பராமரிப்புக்கும், 1996 ஜூலையில் இல்லப் பராமரிப்புக்கும் உதவி தொடங்கியது. வீட்டுப் பராமரிப்புக்கே முதலிடம் என்று சட்டம் விதித்தது. உறவினரே பேணினால் அதற்கும் பணம் அளித்தது.

சந்தாவில் பாதியை முதலாளிகள் செலுத்தவேண்டும். அவர்களுக்கு ஈடு செய்யும்பொருட்டு, எப்போதும் வேலைநாளில் வரும் விடுமுறை ஒன்றை மாநிலங்கள் நீக்கவேண்டும் என ஏற்பாடாயிற்று. தெரிந்தெடுக்கப்பட்டது, சீர்திருத்தத் திருச்சபையினர் திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமையில் ஆசரித்த மனந்திரும்புதல்-மன்றாட்டு நாள் ஆகும்.

சாக்சனி மாநிலம் மட்டும் அந்நாளைக் காத்துக்கொண்டது. அதற்கான விலையை அங்குள்ள தொழிலாளரே செலுத்துகின்றனர். 2025இல் சந்தா 100க்கு 3.6 ஆனபோது, பிற மாநிலங்களில் இரு தரப்பினரும் 1.8 வீதம் செலுத்த, சாக்சனியில் தொழிலாளர் 2.3உம் முதலாளிகள் 1.3உம் செலுத்தினர். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1997இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோரில் பெரும்பான்மையோர் அந்நாளை மீண்டும் வேண்டினர். எனினும் தேவையான அளவு வாக்காளரின் ஆதரவு கிட்டாமையால் முயற்சி தோற்றது.

3. நாம் உய்த்துணர வேண்டியவை

முதலாவது, இச்சட்டம் பிச்சையை உரிமையாக்கிற்று. இது சிறு காரியம் அன்று.

இரண்டாவது, சட்டம் முழுமையானதன்று. காப்பீடு செலவின் ஒரு பங்கையே ஏற்கிறது. உடல் தளர்ச்சியையே பெரிதும் அளவுகோலாகக் கொண்டமையால், நினைவிழந்த முதியோர் நெடுங்காலம் போதிய உதவியின்றி நின்றனர். 2017இல்தான் அளவுகோல் திருத்தப்பட்டது. 2023இன் இறுதியில் பராமரிப்புக்குரியோர் ஏறத்தாழ 57 இலட்சம் பேர். அவர்களில் 100க்கு 86 பேர் வீடுகளிலேயே பேணப்பட்டனர். இல்லங்களில் வாழ்வோர் 2025இல், முதலாம் ஆண்டில், சராசரியாக மாதம் 3,000 யூரோ அளவில் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டியிருந்தது. எனவே பலர் மீண்டும் சமூக உதவிநிதியின் வாசலில் நிற்கின்றனர்.

மூன்றாவது, திருச்சபையைக் குறித்தது. அந்நாளை இழந்ததும் திருச்சபை. முதியோர் இல்லங்கள் பலவற்றைத் தன் டயக்கோனியா நிறுவனத்தின் வாயிலாக நடத்துவதும் அதே திருச்சபை. அந்நாள் மனமுவந்து ஈந்த காணிக்கை அன்று, எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே அதைத் தியாகம் என்று புகழ்வதற்கில்லை. ஆனால் இழப்பைக் குறித்துப் புலம்புவதோடு நின்றுவிடுவதும் தகாது. ஏசாயா 58ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி உபவாச நாளையும் ஒடுக்கப்பட்டோர்க்குச் செய்யும் நீதியையும் பிரிக்க இடந்தரவில்லை. விடுமுறை நீங்கியபின்னும் அந்தப் புதன்கிழமை மாலைகளில் ஜெர்மானிய ஆலயங்களில் ஆராதனை நடைபெறுகிறது. தனிமையில் வாடும் முதியவரும், அவரை இரவும் பகலும் தாங்கிச் சோர்ந்த மகளும் அவ்வாராதனையின் மன்றாட்டில் இடம் பெறுகின்றனரா என்பதே உண்மையான வினா.

அருட்பணிக்கு ஆயத்தப்படும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. நாட்காட்டியில் ஒரு நாளைக் காப்பது எளிது; அந்த நாள் எதற்காக ஏற்பட்டதோ அதைக் காப்பதே நம் ஊழியம்.