திருவண்ணாமலை வட்டாரத்தில் இளையோர் அறிவியல் நிகழ்வுகள்

பள்ளிப் பாடத்துக்கு வெளியே, பொது இடங்களில், சிறுவர்களையும் இளைஞர்களையும் அறிவியலின் பக்கம் ஈர்ப்பதற்காக நடத்தப்படும் விழாக்கள், வான்நோக்கு இரவுகள், போட்டிகள் ஆகியவற்றின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. உலக அளவில் இவற்றின் மூத்த மரபு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகள். அங்கு சிறுவர்கள் முன்னிலையில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து வேதியியலை விளக்கினார். சுடரின் மஞ்சள் ஒளி, அதனுள் தகிக்கும் கரித்துகள்களிலிருந்து வருகிறது என்பது அவர் காட்டியவற்றுள் ஒன்று. கார்த்திகைத் தீபத்துக்குப் பேர்போன திருவண்ணாமலையின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் கிடைப்பது அரிது.

இவ்வட்டாரத்தில் அறிவியல் நிறுவனம் என்று சொல்லத்தக்கது முதலில் மலைமேல்தான் வந்தது. 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தொலைநோக்கி நிலையத்துக்குத் தேர்ந்தெடுத்தார். நகர விளக்கொளி எட்டாத காடு அது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. உள்நாட்டிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1985-இல் இயங்கத் தொடங்கியது. அதைப் பார்க்காமலே பாப்பு 1982-இல் காலமாகிவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். இங்கு 1988-இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கியுள்ளது.

இன்று காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும், 1989-இல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. ஆய்வுக்கூடம் பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில் கதவைத் திறக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் சிறிய தொலைநோக்கி வழியே சனியின் வளையத்தையும் வியாழனின் நிலவுகளையும் காட்டுகிறார்கள். பாடநூல் படத்தில் நூறு முறை பார்த்த வளையத்தை முதன்முறை நேரில் காணும் பிள்ளை, அதை எளிதில் மறப்பதில்லை.

மலையை நோக்கி மக்களை அழைப்பது ஒரு வழி. மக்கள் இருக்குமிடத்துக்கே அறிவியலைக் கொண்டுபோகும் வழியைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்துக்கொண்டது. 1980-இல் சென்னையில் ஆராய்ச்சியாளர்களும் பேராசிரியர்களும் தொடங்கிய இவ்வமைப்பு, பின்னர் மாவட்டந்தோறும் ஆசிரியர்களின் உழைப்பால் வளர்ந்தது. 1987-இல் நாடு முழுவதும் நடந்த மக்கள் அறிவியல் கலைப்பயணம் அதற்குப் பெரும் உந்துதல். அக்டோபர் 2-இல் புறப்பட்ட ஐந்து குழுக்கள், நாடகமும் பாட்டுமாக ஊர் ஊராகச் சென்று, சி. வி. ராமன் பிறந்தநாளான நவம்பர் 7-இல் போபாலில் கூடின. நச்சுவாயு உயிர்களைக் கொன்ற நகரத்தைத் தேர்ந்தது தற்செயலன்று. அறிவியல் யாருக்காக என்ற கேள்வியையும் அப்பயணம் சேர்த்தே சுமந்தது. சிறுவர்களுக்கான அறிவியல் இதழான 'துளிர்' வெளிவரத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, நிகழ்வின் தன்மையையே மாற்றியது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். ஏரி நீரோ, குப்பையோ, வயல் பூச்சியோ, எதுவாகவும் இருக்கலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக ஆய்வறிக்கை மேலே செல்லும். கடையில் வாங்கிய மாதிரியை மேசைமேல் வைத்து மனப்பாடமாக ஒப்பிக்கும் பள்ளிக் கண்காட்சிகளைவிட இது பன்மடங்கு மேலானது.

உள்ளூர்ச் சிக்கலிலிருந்து தொடங்குவதன் பலனைத் திருவண்ணாமலையே உலகுக்குக் காட்டியது. அவ்வூர்ப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கவனித்தார். கரிக்காக வெட்டப்படும் மரம், புகையால் கெடும் நுரையீரல் என்று அவர் யோசனை விரிந்தது. கூரையில் சூரியத் தகடு பொருத்திய இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர வெயிலில் மின்கலம் நிறைந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் சொந்த யோசனைகளைத் தேடும் 'இக்னைட்' போட்டியில் 2019-இல் அது அப்துல் கலாம் பெயரிலான விருது பெற்றது. போட்டியை நடத்தும் தேசியப் புத்தாக்க நிறுவனம் மாதிரி வண்டியை உருவாக்க உதவியது. 2020-இல் ஸ்வீடனில் வழங்கப்படும் குழந்தைகள் காலநிலைப் பரிசும், 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று இடமும் கிடைத்தன. அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் அவர் பேசினார்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை சோதனைகளை நேரில் செய்துகாட்டும் வானவில் மன்றத்தைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28-இல் திருச்சியில் தொடங்கியது. 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கான திட்டம் இது. கருத்தாளர்கள் கருவிகளோடு பள்ளிக்கே வருகிறார்கள்.

திருவண்ணாமலை நகரம் இன்னும் பயன்படுத்தாத வாய்ப்பு ஒன்று உண்டு: நிலவைத் தொலைநோக்கியில் காட்டுவது. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்காக லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் பாதையில் நடக்கிறார்கள். ஆனால் முழுநிலவில் நிழல் விழாததால் நிலவின் பள்ளங்கள் துலங்குவதில்லை. அவற்றைக் காண வளர்பிறை அஷ்டமியே சிறந்த மாலை, கூட்டமும் குறைவு. உள்ளூர்க் கல்லூரிகளும் பள்ளிகளும் மாதம் ஒரு அஷ்டமியைத் தொலைநோக்கிக்கு ஒதுக்க வேண்டும். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளைக் காவலூருக்கு முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த ஆய்வுக்கூடம் நிற்பது அவர்கள் மலையில்.