மூன்று சக்கரத்தில் ஒரு கார்

நூம்பலை அடுத்துச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை நேரே பெங்களூருக்குப் போகிறது. அந்த நகரில் 1970களின் நடுவில் ஒரு விந்தையான கார் பிறந்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பெயர் பாதல், இந்தியில் மேகம் என்று பொருள். செய்தது சன்ரைஸ் ஆட்டோ இண்டஸ்டிரீஸ் என்ற சிறு நிறுவனம்.

அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பாதலின் எஞ்சினோ 198 சி.சி.தான்; ஸ்கூட்டரில் உள்ளது போன்ற 'டூ ஸ்ட்ரோக்' வகை. அதைப் பின்புறம் வைத்தார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. மூன்று சக்கரங்களும் நிலத்தைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்துப் பாருங்கள், ஒரு முக்கோணம் கிடைக்கும். திருப்பத்தில் பிரேக் போட்டால் பாரம் முக்கோணத்தின் ஒடுங்கிய முன்முனையை நோக்கிச் சாய்கிறது. வண்டி கவிழப் பார்க்கிறது. எடை பின்னால் இருந்தால் அந்த அபாயம் குறையும், அடியோடு நீங்காது. பின்னர் நான்கு சக்கரப் பாதலும் வந்தது.

உடல் கண்ணாடி இழையால் ஆனது. கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. இரும்புத் தகட்டை வளைத்துக் காராக்க, கோடிக்கணக்கில் விலையுள்ள அழுத்து இயந்திரங்கள் வேண்டும். கண்ணாடி இழைக்கு ஓர் அச்சு போதும். இழையைப் பரப்பிப் பிசினைப் பூசி இறுக விட்டால் கதவு தயார். சிறு முதலாளிக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அது இறுகப் பல மணி நேரம் ஆகும். அழுத்து இயந்திரமோ நொடிகளில் ஒரு தகட்டைத் தள்ளிவிடும்.

சிபானி என்று பெயர் மாறிய நிறுவனம் 1982இல் டால்பினைக் கொணர்ந்தது. அது பிரிட்டனின் ரிலையன்ட் நிறுவனம் 1975 முதல் செய்துவந்த கிட்டன் காரின் மறு உருவம். ரிலையன்டும் கண்ணாடி இழையிலும் மூன்று சக்கர வண்டிகளிலும் பெயர் பெற்றதுதான். டால்பினின் 848 சி.சி. எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. எடை குறைவாதலால் ராலிப் பந்தயங்களில் பெரிய கார்களை விரட்டியது. பந்தயக்காரர் மகிழ்ந்தனர்; குடும்பத்தலைவரோ இரண்டே கதவுகளா என்று முகம் சுளித்தார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இரும்பு உடல், நான்கு கதவுகள், பெருமளவு உற்பத்தி. நான்கு கதவுகளுடன் மான்டானா என்ற காரைச் செய்து பார்த்தது சிபானி. அச்சில் பிசின் இறுகக் காத்திருக்கும் தொழிற்சாலைக்கு அந்த ஓட்டம் கட்டுப்படியாகவில்லை. 1990களில் கார் உற்பத்தி நின்றது.