நாடகக் குழுவின் முதல் உடைப்பெட்டி: மேடைக்குப் பின்னால் ஆடைக்கூடம் எப்படி வேலை செய்கிறது?

ஜொகூரின் வட எல்லையில் உள்ள தங்காக்கை நம்மவர்கள் துணிக்கடைப் பட்டணமாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். தீபாவளி, கல்யாணம் என்றால் மூவாரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் குடும்பத்தோடு வந்து மீட்டர் கணக்கில் துணி வாங்கிப் போவது இங்கே பல காலப் பழக்கம். அதே துணி கோயில் திருவிழா நாடகத்துக்கோ தமிழ்ப்பள்ளி மேடைக்கோ போகும்போது அதன் வேலையே மாறிவிடுகிறது. கல்யாணச் சட்டையை நாம் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். மேடைச் சட்டையைக் கடைசி வரிசையில் இருப்பவர் 60 அடி தூரத்திலிருந்து பார்க்கிறார். அது பல இரவுகள் வியர்வையைத் தாங்க வேண்டும். ஒரு நிமிடத்தில் கழற்றி மாற்றவும் வர வேண்டும். அடுத்த ஆண்டு வேறொருவர் உடம்புக்கும் பொருந்த வேண்டும். இத்தனையையும் பார்த்துத் தைக்கும் இடம்தான் ஆடைக்கூடம்.

பெட்டியில் தொடங்கிய நாடகம்

மலாயாவில் பங்சாவான் நாடகம் பிறந்த கதையே உடைப்பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து ஆடின. அப்படி வந்த ஒரு குழு ஊர் திரும்பும்போது விற்றுச் சென்ற உடைகளையும் மேடைச் சாமான்களையும் மாமாக் புஷி என்பவர் வாங்கி, 1885 வாக்கில் முதல் பங்சாவான் குழுவை அமைத்தார் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கதையும் பாட்டும் மனிதரோடு ஊர் ஊராகப் போய்விடும். கையில் மிஞ்சும் சொத்து உடைதான்.

தமிழ் மேடையிலும் இதே நிலைதான். தொண்டை மண்டலத்துக் கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, நடிகர் அணியும் மரக்கட்டை அணிகலன்களால்தான். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். ராத்திரி முழுக்கத் தலையில் சுமந்து ஆட வேண்டும் என்பதால் எடை குறைவு முக்கியம். தெருவிளக்கு இல்லாத காலத்தில் கொஞ்ச வெளிச்சத்திலும் முகத்தைச் சுற்றி மின்ன வேண்டும் என்பதால் கண்ணாடி.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே ராஜாவாகவும் ராணியாகவும் நடித்தார்கள். அங்கே வளர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து, 'ஔவை' சண்முகம் என்றே பெயர் பெற்றார். ஆண் உடம்பைக் கூன் விழுந்த மூதாட்டியாக நம்பவைத்ததில் நடிப்புக்குப் பக்கத்திலேயே ஒப்பனைக்கும் உடைக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரிய அளவில் பார்க்கும் இடம் கோலாலம்பூரில் 1999இல் திறக்கப்பட்ட இஸ்தானா புடாயா. தங்காக்குக்கு மேலே நிற்கும் லேடாங் மலையின் இளவரசி கதை 2004இல் திரைப்படமாகி, 2006இல் அந்த மேடையில் இசை நாடகமாக ஏறியது. அரசவைக் காட்சி நிறைந்த அப்படிப்பட்ட நாடகத்தில் உடைக்கணக்கு சீக்கிரம் ஏறிவிடும். குழுவில் 20 பேர், ஆளுக்கு 3 உடை, ஒவ்வோர் உடையிலும் 4 உருப்படி என்று வைத்தாலே 240 உருப்படிகள் வந்துவிடுகின்றன. ஒன்று தொலைந்தாலும் காட்சி நிற்கும்.

யார் என்ன செய்கிறார்?

வடிவமைப்பாளர் கதையைப் படித்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் படம் வரைகிறார். வெட்டுபவர் அதை அளவாக மாற்றித் துணியில் கத்தரி வைக்கிறார். தையல்காரர்கள் இணைக்கிறார்கள். சாயம் போடுபவர் நிறத்தைச் சரிசெய்து, புதுத்துணியைப் பழசாக்குகிறார். நாடகம் நடக்கும் நாளில் உடுத்திவிடுபவர் மேடைக்குப் பின்னால் நிற்கிறார். இவர்களுக்கெல்லாம் மேலே கணக்கும் காவலும் பார்க்க ஒரு பொறுப்பாளர் இருப்பார். தோட்டத்து நாடகத்தில் இந்த ஆறு வேலையையும் பெரும்பாலும் ஒரே அக்காதான் செய்கிறார்.

வெட்டுவதும் தைப்பதும்

விலை அதிகமான துணியில் நேரடியாகக் கத்தரி வைப்பதில்லை. முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்து, நடிகருக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்வார்கள், உட்காரச் சொல்வார்கள், காட்சியில் சண்டை இருந்தால் வாள் வீசவும் சொல்வார்கள். இறுக்கம் எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் கை தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறாது.

கடைச் சட்டைக்கும் மேடைச் சட்டைக்கும் பெரிய வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கடையில் துணி மிச்சம் பிடிக்கத் தையலுக்குள் அரை அங்குலமோ அதற்கும் குறைவோ விடுவார்கள். மேடைக்குத் தைப்பவர் பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் விட்டு வைப்பார். ஹூக்கையும் இரண்டு வரிசையாக வைப்பார். அடுத்த முறை உடம்பு பெருத்த ஒருவர் அந்தப் பாத்திரத்தில் நடித்தால் பிரித்துவிட்டால் போதும், புது உடை வேண்டாம்.

துணிக் கணக்கும் முன்கூட்டியே போட வேண்டியது. இடுப்பிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு முழுவட்டப் பாவாடை வெட்ட, கடைக்காரர் 'பிடாங் 60' என்று சொல்லும் 60 அங்குல அகலத் துணியில் சுமார் 4.5 மீட்டர் போகும். தோழிகள் 8 பேர் என்றால் 36 மீட்டர். ஒரே சாயத் தொகுதியில் எல்லாவற்றையும் வாங்கவில்லையென்றால், விளக்கு விழும்போது இரண்டு பேர் மட்டும் வேறு நிறமாகத் தெரிவார்கள்.

விளக்கு செய்யும் மாயம்

கடை வெளிச்சத்தில் எடுத்த நிறம் மேடையில் அப்படியே இருப்பதில்லை. சிவப்பு விளக்கில் பச்சைத் துணி ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். பளீர் வெள்ளை வேட்டி, பக்கத்தில் நிற்பவர் முகத்தையே மங்க வைக்கும். அதனால் வெள்ளைத் துணியைத் தேநீர்ச் சாற்றில் முக்கி எடுத்துக் கொஞ்சம் பழுப்பாக்குவது உலகம் முழுவதும் ஆடைக்கூடங்களில் உள்ள வழக்கம். ரப்பர் மரம் வெட்டும் தொழிலாளி வேடத்துக்குப் புதுச் சட்டை எடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள். முழங்கை, கழுத்துப்பட்டி, சட்டைப்பை ஓரம் ஆகியவற்றில் உப்புத்தாள் தேய்த்து, மண் நிறம் தடவுகிறார்கள். அழுக்கு எங்கே படியும் என்று தெரிந்தவருக்கே இந்த வேலை வரும். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நிமிட மாற்றம்

நாடகம் ஓடும்போது வேலை இன்னும் கடினம். யார், எந்தக் காட்சியில், எந்தப் பக்கமாக வெளியே வந்து, எதைக் கழற்றி எதைப் போடுகிறார் என்று ஒரு பட்டியல் சுவரில் இருக்கும். நாற்காலியில் உடைகள் போடும் வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கும். செருப்பு, வாரைத் திறந்த நிலையில் தரையில் இருக்கும். உடுத்திவிடுபவர் சின்ன டார்ச்சோடு இருட்டில் காத்திருப்பார்.

வெளியே தெரியும் பொத்தான்கள் பல நேரம் வெறும் அலங்காரமே. அவற்றுக்குக் கீழே பிரஸ் பட்டனோ வெல்க்ரோவோ இருக்கும். வெல்க்ரோ பிரியும் சத்தத்தை மைக் பிடித்துவிடும் என்பதால் அமைதியான காட்சிக்குப் பக்கத்தில் அதைத் தவிர்க்கிறார்கள். மைக் கருவிக்கு இடுப்பில் ஒரு துணிப்பையும் தைத்துவிடுகிறார்கள்.

சேலையை மடிப்போடு தைத்துவைப்பதும் இதே தேவைக்குத்தான். இன்று நம் பிள்ளைகள் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் போடும் தைத்த விசிறி மடிப்பு உடை 1930களில்தான் வழக்கத்துக்கு வந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் அதைச் சென்னையில் வடிவமைத்தபோது மேடை உடை தெரிந்த ஐரோப்பியப் பெண்மணி ஒருவரின் துணை இருந்தது.

துவைப்பும் காவலும்

ஜரிகையும் மணியும் வைத்த உடையைத் தினமும் துவைக்க முடியாது. உள்ளே பருத்திப் பனியன் போடவைத்து அதை மட்டும் துவைக்கிறார்கள். அக்குளில் கழற்றி மாற்றும் பஞ்சுத் துண்டு வைக்கிறார்கள். வியர்வை வாடை போக, சாராயத்தைத் தண்ணீரில் கலந்து உட்புறம் தெளித்துக் காயவிடுவார்கள். நெருப்புப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது.

நம் நாட்டு ஈரக்காற்றில் உடைக்குப் பூஞ்சணம்தான் பெரிய எதிரி. ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். ஜரிகைத் துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். மடிப்பு ஒரே இடத்தில் விழுந்து கிழியாமல் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடிக்க வேண்டும். ஒவ்வோர் உருப்படியிலும் பாத்திரத்தின் பெயர், அளவு, தைத்த ஆண்டு மூன்றையும் நாடாவில் எழுதித் தைத்துவிட்டால், பத்து ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறப்பவருக்கும் விவரம் புரியும்.

நம் கையில் இருப்பது

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது, திருவிழாதோறும் நாடகம் போட்ட குழுக்களும் கலைந்தன. குழு கலைந்த இடத்தில் பெட்டிக்கு உரிமையாளர் இல்லாமல் போகிறார். அதன் பிறகு யாராவது நாடகம் போட நினைத்தால் கிரீடம் முதல் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்தச் செலவைப் பார்த்தே பலர் நாடகத்தை விட்டுப் பாட்டுக்கச்சேரியோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இதை மாற்றப் பெரிய பணம் வேண்டாம். ஒரு கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமோ ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு பதிவுப் புத்தகமும் வைத்துக்கொண்டால் போதும். ஆண்டுக்கு நான்கு உடை சேர்ந்தால் ஐந்தாண்டில் ஒரு முழு நாடகத்துக்கு 20 உடை இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்கு இரவலும் கொடுக்கலாம்.

தையல் தெரிந்த இளையோருக்கு இது ஒரு தொழில் வழியும்கூட. கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக்கழகத்தில் நாடகக் கல்வி இருக்கிறது. தையல் துறையில் மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம். ரவிக்கையும் பாஜு கூரோங்கும் தைக்கத் தெரிந்தவருக்கு அடிப்படை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவர் மேடை வேலைக்கு வர, நம்மூர் நாடகங்கள் அவரைத் தேடிப் போய் அளவு நாடாவோடு அழைத்தாலே போதும்.