சிவப்புப் புதரும் எறும்புப் புற்றும்: ராய்போஸ் தேநீரின் வரலாறு

மனசு லேசாக வேண்டும், ராத்திரி நன்றாகத் தூக்கம் வர வேண்டும் என்று யாராவது மூலிகைத் தேநீர் வாங்கப் போனால் கடை அலமாரியில் கெமோமில், புதினா, துளசி, எலுமிச்சைப் புல் என்று வரிசையாகப் பெட்டிகள் நிற்கும். எதை எடுப்பது என்று குழப்பம்தான். அந்த வரிசையில் சில கடைகளில் "ராய்போஸ்" என்று ஒரு பெட்டியும் இருக்கும். கொதிநீரில் போட்டால் பால் ஊற்றாத டீ மாதிரியே சிவந்து வரும். ஆனால் அதில் தேயிலை கொஞ்சம்கூடக் கிடையாது (நம் சுக்குக் காபியில் காபி இல்லாத மாதிரி!). இந்தக் கட்டுரை அந்தச் செடியின் வரலாறு.

ராய்போஸ் என்றால் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் சிவப்புப் புதர். தாவரவியலில் அஸ்பலாதஸ் லீனியாரிஸ். துவரை, ஆவாரை எல்லாம் சேர்ந்த அதே பெரிய குடும்பம்தான். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வடக்கே சீடர்பர்க் என்ற மலைத்தொடரும் அதைச் சுற்றியுள்ள மணற்பாங்கான பகுதிகளும்தான் இதன் சொந்த ஊர். ஊசி போன்ற பச்சை இலை. கோடையில் கிளைகளை அறுத்து, பொடியாக வெட்டி, நசுக்கி, தண்ணீர் தெளித்துக் குவித்து வைப்பார்கள். சில மணி நேரத்தில் பச்சை போய்ச் சிவப்பு வந்துவிடும். பிறகு வெயிலில் பரப்பிக் காய வைத்தால் வேலை முடிந்தது. பழைய காலத்தில் கோடாரியும் சுத்தியலும்தான் கருவி.

இதை முதலில் யார் குடித்தார்கள்? அங்கேதான் சிக்கல். 1772 முதல் 1775 வரை கேப் பகுதியில் சுற்றிய ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் தன்பெர்க் ராய்போஸ் பற்றி எழுதி வைத்தார் என்று பல இடங்களில் படிக்கலாம். உண்மையில் நாட்டுப்புற மக்கள் தேநீர் போடுவதாக அவர் குறித்தது போர்போனியா கார்டாட்டா என்ற, ராய்போஸுக்கு நெருங்கிய உறவான வேறொரு செடியை. அப்படியானால் சீடர்பர்க்கின் பூர்வகுடிகளான கோய், சான் மக்களுக்கு ராய்போஸ் தெரியாதா? எழுதி வைக்காதவர்கள் எல்லாம் அறியாதவர்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் பணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏட்டில் பெயர் ஏறியவர்களில் முதல்வர் பெஞ்சமின் கின்ஸ்பெர்க். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதர், தேயிலை வியாபாரக் குடும்பம். மலையிலிருந்து மக்கள் கொண்டுவந்த ராய்போஸை வாங்கி 1904-இல் விற்கத் தொடங்கினார். ஆனால் அது காட்டுச் செடி. கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பயிரிடலாம் என்றால் விதை முளைக்க மறுத்தது.

1930-களில் கிளான்வில்லியம் ஊர் மருத்துவர் பீட்டர் லெ ஃப்ராஸ் நார்ட்டியர், ஓலோஃப் பெர்க் என்ற விவசாயியோடு சேர்ந்து இதில் இறங்கினார். இரண்டு சிக்கல்கள். ஒன்று, விதை சின்னஞ்சிறியது. நெற்று காய்ந்ததும் வெடித்து மணலில் தெறித்துவிடும். எங்கே போய்ப் பொறுக்குவது? இரண்டு, மேல்தோல் கெட்டியானது, அதில் கீறல் விழாமல் சரியாக முளைக்காது. தோல் விஷயத்தை நார்ட்டியர் திரிகைக் கல்லில் விதைகளைத் தேய்த்துத் தீர்த்தார். விதைக்கு? ஒரு தீப்பெட்டி நிறைய விதை கொண்டு வந்தால் ஐந்து பவுண்டு தருகிறேன் என்று ஊர் மக்களிடம் சொன்னாராம்.

ஒரு வயதான கோய் பெண்மணி மட்டும் திரும்பத் திரும்ப விதை கொண்டு வந்தார் என்கிறது அங்கே சொல்லப்படும் கதை. விதையை இழுத்துப் போகும் எறும்புகளைப் பார்த்திருக்கிறார். பின்னாலேயே போய்ப் புற்றைக் கிளறினால் உள்ளே ஒரு களஞ்சியம்! அந்த விதைகளிலிருந்துதான் தோட்டங்கள் உருவாகி, ராய்போஸ் ஒரு விவசாயப் பயிரானது. நார்ட்டியருக்கு 1948-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் உழைப்புக்கு அது தகும். எறும்பைப் பின்தொடர்ந்தவரின் பெயர் கதையில் இல்லை.

1954-இல் அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. 1993 வரை சந்தை அதன் கையில்.

சரி, இது மன அமைதிக்கான பானம் ஆனது எப்படி? 1968-இல் அனீக் தெரோன் என்ற தென்னாப்பிரிக்கத் தாய், ஓயாமல் அழுத தன் ஒவ்வாமைக் குழந்தையின் பாலில் ராய்போஸ் கலந்து கொடுக்க, குழந்தை அமைதியாகத் தூங்கிவிட்டது. 1970-இல் அவர் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். விற்பனை சூடு பிடித்தது. ஒரு குழந்தை தூங்கியது நிரூபணம் ஆகாது என்பது என் கருத்து (இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரைக் கேட்காமல் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்!). உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இதில் காஃபீன் இல்லை, டானின் குறைவு. தூக்க மாத்திரை மாதிரி வேலை செய்யும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. ராத்திரி டீ குடித்தே ஆக வேண்டும், ஆனால் கொட்டக் கொட்ட விழித்திருக்கக் கூடாது என்பவர்களுக்கு அதுவே போதும்.

பெயர் உலகம் முழுக்கப் பரவியதும் சண்டையும் வந்தது. 1994-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் "ராய்போஸ்" என்ற சொல்லையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. நம் "இட்லி"யை யாரோ பதிவு செய்துவிட்டு, சொல்லைப் பயன்படுத்தக் காசு கேட்டால் எப்படி இருக்கும்! வழக்குகளுக்குப் பிறகு 2005-இல்தான் விட்டுக்கொடுத்தார்கள். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் ராய்போஸுக்குப் பிறப்பிடப் பாதுகாப்புத் தகுதி கொடுத்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க உணவுப்பொருள் இதுவே.

உள்ளூரிலும் கணக்கு பாக்கி இருந்தது. 2010-இல் சான் மக்களின் அமைப்பு, இந்த அறிவு எங்களுடையது, லாபத்தில் பங்கு வேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசிடம் கேட்டது. கோய் மக்களும் சேர்ந்தார்கள். தொழில்துறை முதலில் ஆதாரம் எங்கே என்றது. 2014-இல் வெளியான அரசு ஆய்வு, இவர்கள் உரிமை கோருவதை மறுக்க எந்த ஆதாரமும் இல்லை என்று சொல்லிவிட்டது. கேள்வி தலைகீழாகத் திரும்பியதைக் கவனியுங்கள். இன்னும் ஐந்து வருடப் பேச்சுக்குப் பின் 2019 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பண்ணையிலிருந்து வாங்கும் விலையில் 1.5 சதவீதம், பாரம்பரிய அறிவுக்கான தொகையாக கோய், சான் மக்களின் அறக்கட்டளைகளுக்குப் போக வேண்டும். முதல் தவணை 2022-இல் போய்ச் சேர்ந்தது.